மனமும் மருந்தும்

கொடிய நோய் தரும் துன்பம் இருவகை. உடலை அரிப்பது ஒன்று. 'இனி என்னாகுமோ' என்று உள்ளத்தை அரிப்பது மற்றொன்று. முன்னதைத் தீர்க்க மருத்துவர் இருக்கிறார். பின்னதை யார் தீர்ப்பது? விடை சொல்ல ஆளில்லாத அந்த வெற்றிடத்தில்தான் அருள்வாக்குக்காரர் புகுந்து கடை விரிக்கிறார். அவரை ஏசிவிட்டுப் போவது எளிது. வெற்றிடத்தை நிரப்புவதன்றோ பகுத்தறிவாளர் கடமை!

அம்பத்தூரில் நாம் பாடம் சொல்லும் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன். தந்தை, தொழிற்பேட்டைப் பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். வயிற்றில் புற்று. அரசு மருத்துவமனையில் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். பூவிருந்தவல்லிப் பக்கம் தியான முகாம் நடத்தும் ஒருவர், "மருந்தை விடு, மூன்று மாதம் தியானத்தில் அமர், கட்டி கரையும்" என்றாராம். உறவினர் ஒருவரோ, கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, "அமெரிக்காவில் போதைக்காளான் கொடுத்தே புற்றைக் குணப்படுத்துகிறார்களாம், கொடைக்கானலில் கிடைக்கும், வாங்கி வரட்டுமா?" என்றாராம்.

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்கிறார் அப்பா. நான் என்ன சொல்லட்டும், சார்?" என்று கேட்டான் பையன்.

'மூடநம்பிக்கை' என்ற ஒற்றைச் சொல்லால் அவனை அனுப்பிவிட நமக்கு மனமில்லை. அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்று, தந்தையாரிடம் நெடுநேரம் பேசினோம்.

திருவண்ணாமலை ரமணரைத் தியானத்தில் விஞ்சியவர் என்று எந்த முகாம்காரரும் தம்மைச் சொல்லிக்கொள்ளமாட்டார். அந்த ரமணருக்கு இடக்கையில் புற்றுக்கட்டி எழுந்தது. 1949-இல் மருத்துவர்கள் நான்கு முறை அறுவை செய்தனர். ரேடியம் வைத்தும் பார்த்தனர். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். வலியைக் கலங்காது தாங்கினார் என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்டி கரைந்ததா? இல்லையே! அவருக்குக் கரையாதது, கட்டணம் கட்டிய நமக்குக் கரையுமா?

எனில், தியானம் வெறும் ஏமாற்றா? அதுவும் அன்று. புத்தர் வழிவந்த பயிற்சியை எடுத்து, மதச்சடங்கு நீக்கி, 1979-இல் மாசசூசெட்சு பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-சின் என்பார் நோயாளிகளுக்கான எட்டு வாரப் பாடமாக வகுத்தார். ஆய்வுகள் பலவற்றை எடைபோட்ட அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம், 2023-இல் அத்தகைய பயிற்சியைப் பரிந்துரைத்தது. எதற்கு? நோயாளியின் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும்! புற்றைக் கரைக்க அன்று.

காளானின் கதையும் அஃதே. 2016-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 51 புற்றுநோயாளிகளுக்கும், நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 29 பேருக்கும், காளானில் உள்ள சைலோசைபின் எனும் பொருளை அளந்து கொடுத்துச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். மரண அச்சமும் சோர்வும் பலருக்குத் தணிந்தன. ஹாப்கின்ஸ் ஆய்வில் ஆறு திங்கள் கழித்தும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு அப்பயன் நின்றது. ஆயினும் ஆய்வு சிறிது. தமக்குக் கிடைத்தது எதுவென நோயாளியே ஊகிக்கக்கூடியது. கடும் மனநோய் உள்ளவர்களை முன்பே விலக்கினர். பயிற்சி பெற்றோர் பக்கத்திலேயே இருந்தனர். கட்டி கரைந்ததென்று அவர்கள் சொல்லவேயில்லை! அளவும் தெரியாமல், நஞ்சா நல்லதா என்றும் அறியாமல், மலைச்சாலையில் வாங்கும் காளானுக்கும் அதற்கும் என்ன உறவு? நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சைலோசைபினைத் தடைசெய்தும் இருக்கிறது.

எல்லாம் கேட்ட பெரியவர் மெல்லச் சொன்னார்: "கட்டி கரையும்னு முழுசா நம்பலை, சார். ஆனா பயமா இருக்குன்னு சொன்னா, உட்கார்ந்து கேட்டது அந்த மனுஷன் ஒருத்தர்தான்."

தோழர்களே, நம் நெஞ்சில் தைத்த சொல் இது. பொய் சொன்னவர் காது கொடுத்தார். மெய் சொல்ல வேண்டிய நாம் எங்கே போனோம்?

"கண்மூடி அமைதியாக அமருங்கள், ஐயா, அதற்குக் காசு வேண்டாம், குரு வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள், துணைக்கு நாம் வருகிறோம்" என்றோம். இசைந்தார். மருந்து ஏறிய நேரமெல்லாம் அருகிருந்து, அவருடைய அச்சத்தைக் கேட்டோம். நோய் என்னாகும் என்று நாம் வாக்களிக்கவில்லை; வாக்களிப்பது முகாம்காரர் தொழில்.

தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரைத் தெய்வத்திடம் முறையிட்டு ஓயவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்பினார். மருத்துவமனை எழுப்பும் வலிமை நமக்கில்லை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஒவ்வொரு படிப்பகமும் பத்து இளைஞரைத் திரட்ட இயலும். நோயாளியோடு பேருந்தில் சென்று, வரிசையில் நின்று, அவர் பேசுவதைக் கேட்க இயலும். புற்றுநோய்ப் பிரிவு ஒவ்வொன்றிலும் மனநல ஆலோசகர் வேண்டுமென அரசை வற்புறுத்தவும் இயலும். வெற்றிடம் நிரம்பினால், கடை தானே மூடும்!