அப்பா மேல் போட்ட வழக்கு

எங்க அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சது சண்டையில்லாமத்தான். அப்பா கட்டுகஸ்தோட்டையில், அம்மாவோடு நாங்கள் ரெண்டு பேரும் ஹந்தானையில். சனிக்கிழமை பஸ் ஏறி அப்பாவிடம் போவோம், ஞாயிறு பின்னேரம் திரும்புவோம். இதைப் பேசி முடிக்க அவங்களுக்கு ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது.

சட்டத்துக்குத்தான் போதவில்லை. எங்களுக்குப் பொருந்தும் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் 'ரெண்டு பேருக்கும் சம்மதம்' என்பது ஒரு காரணமே இல்லை. வேறொருவருடன் தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத இயலாமை. இதில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா கண்டியச் சட்டப்படி முடித்தவர். 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் பரஸ்பர சம்மதத்தை ஏற்கிறது. மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்தார், வழக்கே இல்லை. முஸ்லிம் நண்பர்களுக்குக் காதி நீதிமன்றம் (அங்கே பெண்கள் படும் பாடு தனிக்கதை). கண்டியிலேயே பிறந்தாலும் நாங்கள் 'கண்டியர்' இல்லையாம்!

கடைசியில், அப்பா கைவிட்டுப் போனதாக அம்மா வழக்குப் போட்டாங்க. அப்படிப் போடச் சொன்னதே அப்பாதான். எதிர்த்து வாதாடவும் இல்லை. அந்த வழக்குத் தாளை நாங்கள் ஒளிச்சு வாசிச்சோம். வாராவாரம் மாலுபணிஸ் வாங்கி வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் மனுஷனைப் பற்றித்தான் அதில் எழுதியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"தாள்ல உள்ளது தாளோட," என்றார்.

எங்களில் சின்னவள் பணிஸைத் தொடவேயில்லை.