அரிக்கமேட்டில் ஒரு பாசிமணி

எங்கள் நாஞ்சில் நாட்டில் குழந்தை பிறந்தால் கையில் கருமணி கட்டுவார்கள். ஆச்சி எனக்குக் கட்டிய மணிகளை இன்றும் ஒரு சின்னச் செப்பில் வைத்திருக்கிறேன். அந்தக் கண்ணாடிப் பாசிக்கு எத்தனை பெரிய கதை உண்டென்பது, சென்ற கோடை விடுமுறையில் புதுச்சேரியிலுள்ள தங்கை வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. தென்னையும் மாவும் நிற்க, நடுவே இடிந்த செங்கல் சுவர். 'இதைப் பார்க்கவா இத்தனை வெயிலில் வந்தோம்!' என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த மண்ணுக்கடியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய துறைமுகம் இருக்கிறது. 1945-இல் மார்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது ரோமாபுரி மட்பாண்டங்கள் கிடைத்தன. அதற்கு முன்பே, 1930-களில், ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வந்த பொருட்களை ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் காசு கொடுத்து வாங்கினாராம்.

மணி செய்த விதத்தைக் கேளுங்கள். உருக்கிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீளக் குழாயாக இழுப்பார்கள். அதைக் கடுகளவு, மிளகளவு துண்டுகளாக்கி, மறுபடி சூடு காட்டினால் முனை மழுங்கி உருண்டுவிடும். செங்கல் சிவப்பு நிறம் வருவது செம்பினால். சீனர்களும் ஈயம் கலந்து கண்ணாடி மணி செய்தவர்கள்தாம். அப்படியிருந்தும், நம் பக்கத்து இழுத்த மணி வகை சீனா, கொரியா வரை பழைய கல்லறைகளில் கிடைத்திருக்கிறது. இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணி' என்று பெயர்.

முதல்நாள் பெய்த மழையில் மண் கரைந்திருந்தது. "எம்மா, இங்க பாரு, செவப்புப் பாசி!" என்று கூவினான் என் மகன். மிளகைவிடச் சிறியது. எனக்கும் ஆசை விடவில்லை. ஆச்சியின் செப்பில் சேர்த்துவிடலாம் என்று முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தங்கை கணவர் பார்த்துவிட்டார். "மதினி, இது அரசாங்கம் பாதுகாக்கிற இடம். எது எங்கே கிடந்ததுன்னு தெரிஞ்சாத்தான் சரித்திரம். எடுத்துட்டுப் போனா அது வெறும் பாசிதான்" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பையனோ, "அப்போ இது நம்மது இல்லையாம்மா?" என்று கேட்கிறான். "நம்ம எல்லாருக்கும் உள்ளது மக்களே" என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்து, கண்டெடுத்த இடத்திலேயே அவன் கையால் வைக்கச் சொன்னேன்.

மறுநாள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தோம். "நம்ம பாசி மாதிரியே இருக்கு!" என்று குதித்தான்.

வீடு திரும்பியதும் செப்பைத் திறந்து, ஆச்சியின் மணிகளை அவனுக்குக் காட்டினேன். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பழைய பாசி இருந்தால் தூக்கி எறியாதீர்கள். யார் போட்டது, எப்போது போட்டது என்று ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்து வையுங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் எட்டாமல் இருக்கட்டும். மூக்கில் போட்டுக்கொண்டால் ஆபத்து!