உத்திரமேரூர்ப் பாட்டு டீச்சர்

உங்களை ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் செல்போனில் எத்தனை படங்கள் இருக்கின்றன? என்னுடையதில் 4,000 சொச்சம். என் பெண் சிரித்தது, அழுதது, அடுத்த வீட்டுப் பூனை, ஓட்டலில் வந்த மசால் தோசை, எல்லாம் இருக்கின்றன. ஆனால் போன தை மாதம் உத்திரமேரூரில் ஒருவர் என்னிடம் கேட்ட பொருள் மட்டும் இல்லை.

கேட்டவர் என் பாட்டு டீச்சரின் மகள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். டீச்சர் காலமாகி அன்றோடு நாற்பது நாள்.

"ஏம்மா, நீ பத்திரிகையில இருக்கே. ஊர்ல உள்ளவங்க பேச்சையெல்லாம் பதிவு பண்றே. அம்மா பாடினது ஏதாவது வச்சிருக்கியா?" என்றார் அக்கா.

தேடுவதுபோல் பாவனை செய்தேன். டீச்சரின் படம் இரண்டு அகப்பட்டது. இரண்டிலும் வாயை மூடிக்கொண்டு, காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

எங்கள் ஊரைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தலுக்கான விதிகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வரக் கூடாது என்பது உள்பட எல்லாம் இன்றைக்கும் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துச் சங்கதி பத்திரமாக இருக்கிற ஊரில், நாற்பது நாளைக்கு முன் ஓய்ந்த குரல் இல்லை.

டீச்சர் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாட்டு வகுப்பு. ஒரு கோரைப் பாய், ஒரு சுருதிப் பெட்டி, நாங்கள் ஏழெட்டுப் பெண்கள். சம்பளம் வாங்குவதில் டீச்சர் மகா மறதிக்காரர். தாளம் அரை இடம் பிசகினால் மட்டும் மறக்க மாட்டார். "கத்தாதே கண்ணு, முதல்ல காதைத் திற" என்பார். பாவம், அவருக்கு இழுப்பு நோய். மழைக்காலம் வந்துவிட்டால், பாட்டுக்கு நடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போவார்.

ஒரு தடவை நான் மாமா வீட்டு டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். டீச்சர் அதை ஏதோ பூரானைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எடுத்துக்கிட்டுப் போ. அது கேட்டுக்கும்னு நீ தூங்கிடுவே" என்றார். பிறகு வடக்கே கையை நீட்டி, "அதோ காஞ்சீபுரம், முப்பது கிலோமீட்டர் இருக்குமா? அங்கே இருந்தாரே நாயனாப் பிள்ளை, அவர் பாட்டு எந்தப் பிளேட்டுல இருக்கு, சொல்லு பார்க்கலாம்" என்றார்.

எனக்குப் பத்து வயசு. நாயனாப் பிள்ளை யாரென்று நான் கண்டேனா? பெரியவளாகிப் படித்துத் தெரிந்துகொண்டபோதுதான் டீச்சர் எவ்வளவு பெரிய இடத்தைக் காட்டினார் என்று புரிந்தது.

காஞ்சீபுரம் சுப்பிரமணியப் பிள்ளை என்பது அவருடைய இயற்பெயர். 1889-ல் பிறந்தவர். தாயாருடன் பிறந்த தனகோடி அம்மாள் பேர்பெற்ற பாடகி. பிள்ளைக்கோ இளமையில் குஸ்தியிலும் தேகப் பயிற்சியிலும்தான் மோகம். பின்பு சங்கீதத்தில் இறங்கியவர் சாதகத்தையும் குஸ்தி மாதிரியே செய்தார். தாளத்தில் அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது. பிடிலும் மிருதங்கமும் மட்டும் அவருக்குப் போதாது. கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு படையே மேடையில் இருக்கும். ஹைகோர்ட்டில் ஜட்ஜுகள் கூடி உட்காருவார்களே, அந்த மாதிரி 'புல் பெஞ்ச்' கச்சேரி என்று அதற்குப் பெயர். தியாகராஜர் கிருதிகளும் திருப்புகழும் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. 1934-ல், 45 வயதுக்குள், போய்விட்டார். அவர் குரல் ஓர் இசைத்தட்டிலும் இல்லை.

ஆனால் அவரிடம் படித்தவர்களைப் பாருங்கள்! சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை 1954-ல் சங்கீத கலாநிதி ஆனார். அவருடைய சீடர்தாம் மதுரை சோமு. வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் சென்னையிலிருந்து காஞ்சீபுரம் வந்து குருகுலமாக இருந்து கற்றுக்கொண்டார்கள். வீட்டிலேயே சங்கீதம் சமுத்திரமாக இருக்க, அந்தப் பெண்களை வெளியூருக்கு அனுப்பினார்கள் என்றால் பிள்ளையிடம் என்ன இருந்திருக்க வேண்டும்! பிருந்தா 1976-ல் கலாநிதி. அவரிடம் பம்பாயில் பாடம் கேட்ட அருணா சாய்ராமுக்கு அதே விருது 2018-ல்.

எனக்கு இவர்களைவிட நெருக்கமாகத் தோன்றுகிறவர் இன்னொரு பெண். காஞ்சீபுரத்தில் நாயனாப் பிள்ளை வருஷந்தோறும் தியாகராஜ உற்சவம் நடத்துவார். ஜனத்தோடு ஜனமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, மறந்து போவதற்குள் ஸ்வரப்படுத்தி எழுதி வைத்துக்கொள்வாள் அந்தச் சிறுமி. அவளுடைய தாயாருக்கு அருமையான சாரீரம். ஆனால் உறவினர் முன்னிலையில்கூட வாய் திறந்து பாட அனுமதி கிடையாது. 1919-ல் பிறந்த அந்தப் பெண்தான் டி. கே. பட்டம்மாள். ஆண்களுக்கே உரியது என்று ஒதுக்கி வைத்திருந்த ராகம், தானம், பல்லவியை மேடையில் பாடிக் காட்டினார். 1970-ல் கலாநிதி. தாளக் கணக்கில் அவருக்கு இருந்த தைரியத்தில் பிள்ளையின் சாயல் உண்டு என்பார்கள். தாயாரின் மௌனத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதப்படாத அத்தனை தாயார்களையும் நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

எங்கேயோ போய்விட்டேன். திண்ணைக்கு வருவோம்.

என் செல்போனில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அக்கா பெருமூச்சு விட்டார். "சரி, நீயாவது ஒண்ணு பாடு, கேப்போம்" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார். பெண்ணைத் தூங்க வைக்கத் தவிர நான் வாய் திறந்து வருஷங்கள் ஆகின்றன. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, டீச்சர் சொல்லிக் கொடுத்த மோகன வர்ணத்தை ஆரம்பித்தேன். குரல் கரகரத்தது. எப்படியோ சரணத்துக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டாவது ஸ்வரக் கோவைக்குப் போகும்போது அக்கா டம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"அம்மாவுக்குத்தானே இழுப்பு? நீ ஏன் அந்த இடத்துல மூச்சு வாங்கறே?"

நான் திகைத்துப் போனேன். பாடம் அப்படித்தான் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு முட்டி அல்ல, வழக்கமாகவே அங்கே நிறுத்துகிறேன். என்னோடு படித்த மற்றப் பெண்களும் நிறுத்துவார்கள்.

அக்கா காபியைத் திண்ணையில் வைத்தார். "இரு, இரு, மறுபடி பாடிடாதே. உள்ளே போய் என் போனை எடுத்துக்கிட்டு வரேன்" என்றார்.