முறிந்த கழுத்து

ஒரு கருவி எவ்விடத்தில் முறியும் என்பது அது கீழே விழும் நாளில் தீர்மானிக்கப்படுவதில்லை. அதன் உருவத்தை ஒருவன் வரைந்த நாளிலேயே அது பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. மண்வெட்டிப் பிடி எங்கே முறியும், துடுப்பு எங்கே பிளக்கும் என்பதைக் கல்முனைக் கரையோரத்து உழைப்பாளிகள் நன்கறிவர். மின் கிற்றார் என்னும் நவீன வாத்தியத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். அதன் கழுத்து முறிவதையும் ஒட்டப்படுவதையும் ஆராயப் புகுந்தால், நட்டத்தை யார் சுமப்பது என்னும் பழைய வழக்கு எம்முன் வந்து நிற்கக் காண்கிறோம்.

நரம்பு வாத்தியம் இம்மண்ணுக்குப் புதியதன்று. சாய்ந்தமருதை அடுத்துள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழைப் பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். பத்தர், கோடு, திவவு என அக்கருவியின் உறுப்புகளுக்குப் பழந்தமிழர் பெயரிட்டு வைத்திருந்தனர். எமது முஸ்லிம் ஊர்களிலோ பக்கீர்மாரின் றபானும் பொல்லடிக் கலைஞரின் கோல்களும் தாளத்தை வளர்த்தன. இசை பற்றிய கருத்து வேறுபாடுகள் இங்கு இன்றும் உண்டு. ஆயினும், 1970களில் ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசை மேடைகளில் தமிழர் கண்டு பழகிய மின் கிற்றார், இன்று மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் விழா மேடைகளிற் கூலிக்கு வாசிக்கும் இளைஞர்களின் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றது.

அத்தகைய இளைஞன் ஒருவன் எம்மிடம் தமிழ் படித்தவன். பகலில் முச்சக்கர வண்டி ஓட்டுவான். இரவில் ஓர் இசைக்குழுவில் வாசிப்பான். வாத்தியம் அவனுடையதன்று, குழுவை நடத்தும் முதலாளியினுடையது. ஒரு விழா இரவில், தாங்கியிற் சாத்தியிருந்த கிற்றாரை எவரோ இழுத்த வயர் சாய்த்துவிட்டது. அது மல்லாந்து விழுந்தது. உடலில் ஒரு கீறலும் இல்லை. தலை தொடங்கும் இடத்தில் கழுத்து மட்டும் முறிந்து, கம்பிகளில் தொங்கியது. முதலாளி முழு விலையையும் அவனிடமே கேட்டார். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், சில வாரங்களுக்குள் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய பின்னர், இறக்குமதிக் கிற்றாரின் விலை அவனது பல மாத உழைப்பை விழுங்கும் தொகையாகிவிட்டது. முறிந்த வாத்தியத்தைப் பழைய சாரமொன்றிற் சுற்றிக்கொண்டு எமது வீட்டுக்கு வந்தவன், “சேர், இது நான் முறிச்சதில்ல” என்றான்.

நாம் அவனை எமதூர் ஓடாவியார் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். கதவும் யன்னலும் தறியும் தோணியும் செய்து காய்த்த கை அது. கிற்றாரை அவர் அன்றுதான் முதன்முதலாகத் தொட்டார். முறிவை வெயிலிற் பிடித்துச் சற்று நேரம் பார்த்தார். “விழுந்ததாலதான் முறிஞ்சிருக்கு, மாஸ்டர். ஆனா எந்த ராசா கையில இருந்து விழுந்தாலும் இந்த இடத்திலதான் முறியும். நார் இதில குறுக்க வெட்டுப்படுது பாருங்க. அது போதாதெண்டு நடுவில கிடங்கும் தோண்டி வெச்சிருக்கான்” என்றார்.

அவர் ஒரு நோக்கிற் கண்டதை அவ்வாத்தியத்தின் வரலாறு உறுதிசெய்கின்றது. எமது இளைஞன் கொண்டுவந்தது, அமெரிக்காவின் கிப்சன் கம்பனி 1952இல் வெளியிட்ட லெஸ் போல் கிற்றாரின் சாயலில் வேறெங்கோ செய்யப்பட்ட மலிவுப் பிரதி. அந்த மூல வடிவத்தில் கழுத்தும் தலையும் ஒரே மஹோகனித் துண்டில் வெட்டப்படும். தலை 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மரத்தின் நாரோட்டமோ நேராகச் செல்வது. ஆகவே தலை சாயும் இடத்தில் நீண்ட நார்கள் வெட்டுண்டு குறுந்துண்டுகளாகின்றன. கழுத்து வளையாதிருக்க அதனுள்ளே உருக்குக் கோல் ஒன்று ஓடுகின்றது. கிப்சன் ஊழியரான தடியஸ் மக்ஹியூ 1923இற் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அக்கோலைத் திருகும் குழியும் அதே மெலிந்த இடத்திலேயே தோண்டப்படுகின்றது. இதன்மேல், ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோகிராம் பாரத்துக்கு நிகரான விசையுடன் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. வாத்தியம் மல்லாந்து விழுந்தால் பின்சாய்ந்த தலையே தரையில் மோதும். பெட்டிக்குள் இருந்தவாறே விழுந்து முறிந்த கழுத்துகளும் அநேகம்.

கம்பனி இதனை அறியாதிருக்கவில்லை. 1960களின் நடுப்பகுதியிற் சாய்வு 14 பாகையாகக் குறைக்கப்பட்டது. 1970களில் முறியும் இடத்தின் பின்புறம் மரம் சற்றுத் தடிப்பாக விடப்பட்டது. ஆயின் வாங்குவோர் பழைய மெல்லிய உருவத்தையே விரும்பினர். பிற்காலத்தில் அந்தப் பழைய உருவமே பெரும்பாலும் மீண்டு வந்தது. அழகு விற்பனையாயிற்று, முறிவு வாங்கியவன் கணக்கில் எழுதப்பட்டது.

வேறு வழி இல்லாமலுமில்லை. வானொலி திருத்திப் பிழைத்த லியோ ஃபென்டர் என்பவர் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் 1950இல் வெளியிட்ட கிற்றாரில், தலை பின்சாயாமல் கழுத்தின் போக்கிலேயே நேராகச் செல்கின்றது. கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பொருத்தப்பட்டிருப்பதால், கெட்டாற் கழற்றி வேறொன்றை மாட்டலாம். பழுது பார்த்துப் பழகிய கை பழுதை முன்கூட்டியே எண்ணியிருக்கின்றது. இன்னொரு முறையும் உண்டு: தலையைத் தனித் துண்டாக வெட்டி, நீண்ட சரிவுப் பொருத்தால் ஒட்டுவது. நார் வெட்டுண்ணாது, மரமும் மீதமாகும். மலிவான கிற்றார்கள் பலவற்றில் இப்பொருத்தைக் காணலாம் என்பது சிந்திக்கத்தக்கது.

ஓடாவியாரின் சிகிச்சையைக் கூறுவோம். நொடியில் இறுகும் பசையை இளைஞன் வாங்கி வந்திருந்தான். அவர் அதனைத் தொடவில்லை. அது பொருத்தைச் சரிபார்க்க அவகாசம் தராது என்றார். முறிந்த முகங்களைச் சுரண்டவோ தேய்க்கவோ அவனை விடவில்லை; ஒவ்வொரு சிம்பும் தன் குழியை அறியும், அதைச் சீவிவிட்டால் பின்னர் எதுவும் பொருந்தாது. கம்பிகளை அகற்றினார். பசையின்றி ஒருமுறை பொருத்தி, எவ்வளவு அழுத்தம் வேண்டும், எத்திசையில் வேண்டும் என்று பார்த்துக்கொண்டார். உருக்குக் கோலின் திருகில் மெழுகு பூசினார். பசை அங்கே புகுந்தால் அது மறுபடி திரும்பாது. பின்னர் வெள்ளை மரப்பசையை மெல்லிய தகட்டினால் முறிவின் ஆழம்வரை செலுத்தி, வளைவுக்கேற்பச் செதுக்கிய கட்டைகளை இருபுறமும் வைத்து இறுக்கினார். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்தார். ஒரு நாள் முழுவதும் அதனை எவரும் தொடலாகாது என்றார்.

முறிவு ஒருபுறம் நீளச் சரிந்தும் மறுபுறம் குட்டையாகவும் இருந்தது. நாரின் பக்கம் நாரின் பக்கத்தோடு ஒட்டினால், ஒட்டிய கோடு மரத்தையே விஞ்சும் உறுதி பெறும். நாரின் வெட்டுமுனைகளோ பசையை உறிஞ்சிவிட்டுப் பிடியின்றி நிற்கும். ஆதலால் கழுத்தின் பின்புறத்தில், முறிவுக்குக் குறுக்கே இரண்டு ஒடுங்கிய பள்ளங்கள் வெட்டி, நீளநார் உள்ள முதிரைச் சட்டங்களை அவற்றிற் பதித்து ஒட்டினார். காய்ந்தபின் சீவி, அரத்தாளால் தேய்த்து, மெருகிட்டார். விரல் தடவினால் எதுவும் தடுக்கவில்லை. கண்ணுக்கு மட்டும் இரண்டு மஞ்சட் கோடுகள் தெரிந்தன. அவற்றை மறைக்க வேண்டாமா என்று இளைஞன் கேட்டான். “வேல செஞ்ச இடம் தெரியட்டும், மகன்” என்றார் ஓடாவியார்.

அந்தக் கிற்றார் இன்றும் மேடையில் ஒலிக்கின்றது; சுருதி நழுவுவதில்லை. ஆயினும் முதலாளி, ஒட்டிய கழுத்துக்குச் சந்தையிற் பாதி விலைதான் என்று கூறி, மீதிப் பாதியை இளைஞனின் கூலியில் மாதாமாதம் கழித்துக்கொண்டார். சந்தை பற்றி அவர் சொன்னது பொய்யன்று. கழுத்து ஒட்டப்பட்ட வாத்தியம் எவ்வளவு நன்றாக ஒலித்தாலும், உலகெங்கும் அதன் விலை பாதியளவுக்கு விழுந்துவிடுகின்றது. வாத்தியம் தொழில் செய்கின்றது. கம்பிகளின் பாரத்தைச் சுமக்கின்றது. எனினும் ஒருமுறை முறிந்ததென்ற வதந்தி அதன் மேல் நிலைத்துவிடுகின்றது. மதிப்பு வேறு, விலை வேறு என்று வகுப்பறையில் நாம் சொல்வதுண்டு. இரண்டுக்குமிடையிலான தொகையை ஓர் உழைப்பாளி தன் கூலியிலிருந்து கட்டுவதை இங்கே கண்ணாரக் கண்டோம்.

ஓடாவியார் பெற்ற கூலியோ, அக்கழித்தலின் ஒரு மாதத் தவணைக்கும் குறைவு. அவருடைய மகன் வளைகுடா நாடொன்றிலே களஞ்சியக் காவலாளி. “இந்தத் தொழிலுக்கு இனி ஆர் வரப்போறான், மாஸ்டர்?” என்று அவர் கேட்டபோது எம்மிடம் உடனடியாக விடை இருக்கவில்லை.

விடையின் ஒரு பகுதி ஆசிரியர்களாகிய எம் கையிலே இருக்கின்றது. இழுவிசையையும் சாய்தளத்தையும் நாம் கரும்பலகையில் வரைகின்றோம். முறிந்த மரத்தை மாணவர் கையிற் கொடுப்பதில்லை. யாழின் உறுப்புகளை மனனம் செய்விக்கின்றோம். உளி பிடித்த கையைப் பாடசாலைக்குள் அழைப்பதில்லை. ஓடாவியார் ஒருவரை ஒருநாள் வகுப்புக்கு வரவழைத்து, நார் எப்படி ஓடுகின்றது என்று காட்டச் சொன்னால், மாணவர் இரண்டு கேள்விகளைக் கற்றுக்கொள்வர். இது ஏன் இவ்விடத்தில் முறிந்தது? இதனை இவ்வாறு செய்தவன் யார்? இவ்விரண்டையும் கேட்கப் பழகிய மாணவன், நாளை எந்தத் தொழிலுக்குச் சென்றாலும், கையில் வைத்திருந்தவன் தலையிலேயே பழியைச் சுமத்தும் கணக்கை வாய்மூடி ஏற்கமாட்டான்.