நவீன சைக்கிளுக்கு இங்கே அனுமதி இல்லை!

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது கயோலே இன் கியாந்தி. மூவாயிரம் பேர்கூட வசிக்காத சின்ன ஊர். இன்னும் விடியவில்லை. ஆனால், ஊரின் ஒரே பெரிய தெருவில் நிற்க இடமில்லை. கம்பளி பனியன், தோல் ஷூ, தலையில் துணித்தொப்பி என்று 60, 70 வருடங்களுக்கு முந்தைய புகைப்படத்திலிருந்து இறங்கி வந்தவர்கள்போல நூற்றுக்கணக்கானோர் சைக்கிளோடு காத்திருக்கிறார்கள்.

கொடி அசைந்ததும் ‘கிர்ர்ர்’ என்ற செயின் சத்தம் மட்டும் இருட்டில் நகர்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி பிரோலியோ கோட்டைக்கு ஏறும் மண் சாலையின் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள். அவற்றின் அடியில் வரிசையாகச் சிறு விளக்குகள். அந்த வெளிச்சத்தை நம்பித்தான் முதல் மேடு ஏற வேண்டும்.

இதுதான் ‘லெரோய்கா’. பழைய ஸ்டீல் சைக்கிள் பிரியர்களின் திருவிழா.

கறாரான விதிகள்

இது போட்டி அல்ல. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. ஆனால், விதிகள் கறாரானவை. சைக்கிள் பொதுவாக 1987-க்கு முன்பு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். கியர் மாற்றும் பிடி, ஹேண்டில்பாரில் அல்ல, பெடலை நோக்கிச் சரியும் ஃபிரேம் குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கேபிள், கைப்பிடி டேப்புக்குள் ஒளியாமல் வெளியே வளைந்து தெரிய வேண்டும். பெடலில் பாதத்தை வாரால் இறுக்கும் கம்பிக்கூடு இருக்க வேண்டும்.

46 கிலோமீட்டரில் தொடங்கி 209 கிலோமீட்டர் வரை பல பாதைகள். அவரவர் தெம்புக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கையில் ஓர் அட்டை. வழியிலுள்ள ஊர்களில் அதில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும்.

1997-ல் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் இதைத் தொடங்கியபோது வந்தவர்கள் 92 பேர். இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ப்ரோச்சியின் கவலை சைக்கிளைப் பற்றியது மட்டுமல்ல, சாலையைப் பற்றியதும்தான். ‘ஸ்த்ராதே பியாங்கே’ எனப்படும் டஸ்கனியின் வெள்ளைச் சரளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறைந்துகொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. பழைய சைக்கிள்களை அந்தச் சாலைகளில் ஓடவிடுவது!

நட்டு, போல்ட்டுக்கு ஒரு சந்தை

விழாவுக்கு முந்தைய நாள் கயோலேயின் தெருக்கள் உதிரிபாகச் சந்தையாக மாறிவிடும். மேசைகளில் பழைய பெடல்கள், கிராங்க்குகள், ஃப்ரீவீல்கள், தேய்ந்த தோல் சீட்டுகள். ஒரு சின்ன திருகாணிக்காக ஒரு மேசையில் பொறுமையாகக் கிளறிக்கொண்டிருப்பார்கள்.

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மரை. பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து சைக்கிளில் வலதுபக்கக் கிண்ணத்துக்கு இடமரை. இத்தாலிய சைக்கிளில் இரண்டு பக்கமும் வலமரை. விட்டமும் கொஞ்சம் பெரியது. பிரெஞ்சு சைக்கிளுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. தவறான பாகத்தை அழுத்தித் திருகினால் ஃபிரேமின் மரையே போய்விடும். கடைகளில் புதிதாகக் கிடைக்காத இந்தப் பாகங்கள் யாருடைய வீட்டுப் பரணிலாவது இருந்தால்தான் உண்டு. அதனால், இங்கே அறிமுகம் பெரும்பாலும் பெயரைக் கேட்டுத் தொடங்குவதில்லை. “உங்களுடையது என்ன மரை?” என்றுதான் தொடங்குகிறது. மொழி தெரியாவிட்டாலும் பாகத்தைத் தூக்கிக் காட்டினால் போதும்.

இந்த மேசைகளில் அதிகம் கண்ணில் படும் பெயர் காம்பக்னோலோ. துல்லியோ காம்பக்னோலோ ஒரு பந்தய வீரர். அப்போது கியர் மாற்ற வேண்டுமென்றால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். 1927-ல் குரோச்சே தௌனே மலைப்பாதையில் பனியில் விறைத்துப்போன விரல்களால் சக்கரத்து நட்டைத் திருக முடியாமல் அவர் பின்தங்கினார் என்று சொல்வார்கள். அந்த எரிச்சலில் பிறந்ததுதான், ஒரே பிடியைத் தள்ளினால் சக்கரம் விடுபடும் ‘க்விக் ரிலீஸ்’. 1933-ல் விசென்சா நகரில் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இருக்கிறது. உலகெங்கும் லட்சக்கணக்கான சைக்கிள்களின் சக்கரங்களில் இன்றும் இருப்பது அந்தப் பிடிதான்.

ஸ்டீலில் அப்படி என்ன?

நல்ல பந்தய ஃபிரேமின் குழாய் வெளியே பார்க்க ஒரே சீராக இருக்கும். உள்ளே அப்படியல்ல. மிலானின் கொலம்பஸ் நிறுவனம் செய்த புகழ்பெற்ற ‘எஸ்.எல்’ குழாயின் சுவர், முனைகளில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மில்லிமீட்டர். பற்றவைக்கும் இடத்தில் பலம், மற்ற இடத்தில் எடைக்குறைவு. இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-ல் கொண்டுவந்த ‘531’ குழாயும் இதே உத்திதான்.

ரெனால்ட்ஸுக்கும் சென்னைக்கும்கூட ஒரு தூரத்து உறவு உண்டு. அதன் தாய் நிறுவனமாக இருந்த பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், முருகப்பா குழுமத்தோடு கைகோத்து 1949-ல் தொடங்கியதுதான் அம்பத்தூரின் டி.ஐ சைக்கிள்ஸ். நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்ததுதான்.

ஸ்டீல் ஃபிரேம் நெளிந்தால் நிமிர்த்தலாம். ஒரு குழாய் விரிசல் விட்டால் அதை மட்டும் சூடுகாட்டிக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். அப்பா ஓட்டியதை மகள் ஓட்ட முடிவது இதனால்தான். ஆனால், அந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சந்தையில் வயதான மெக்கானிக் ஒருவர் பேச ஆரம்பித்தால் இளைஞர்கள் சுற்றி நின்றுவிடுவது வெறும் மரியாதைக்காக அல்ல. அவரோடு அந்த வித்தையும் போய்விடக் கூடாது.

தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமில்லை

வெள்ளைச் சாலை அழகானது, இரக்கமற்றது. வெயிலடித்தால் முகமெல்லாம் மாவு பூசியதுபோல் புழுதி. மழை பெய்தால் களிமண் சேறு. பழைய கியர்களில் மலையேறுவதற்கான பெரிய பல்சக்கரம் இருக்காது. செங்குத்தான மேட்டில் பாதிப்பேர் இறங்கித் தள்ளுவார்கள். இறக்கத்தில் பழைய பிரேக் பிடிக்கக் கொஞ்சம் யோசிக்கும். பஞ்சர் ஆகி ஒருவர் ஓரம் ஒதுங்கினால், அடுத்து வருபவர் கேட்காமலேயே பம்ப்பை நீட்டுவார்.

1952 டூர் தெ பிரான்ஸில் பரம எதிரிகளான கோப்பியும் பார்த்தாலியும் மலையேற்றத்தில் தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றும் புகைப்படம் இத்தாலியர்களுக்கு மனப்பாடம். யார் யாருக்குக் கொடுத்தார் என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. அந்தப் படத்தின் மிச்சம்தான் இந்தச் சாலையோரப் பம்ப்.

நிறுத்தங்களில் எனர்ஜி பார் கிடையாது. ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி, சலாமி, ஒரு மடக்கு கியாந்தி ஒயின். பிறகு, ரிபொல்லீத்தா. பழைய ரொட்டி, பீன்ஸ், கறுப்பு முட்டைகோஸ் போட்டுக் கொதிக்கவைக்கும் ஏழைக் குடியானவர்களின் சூப். பெயருக்கே ‘மறுபடி கொதிக்கவைத்தது’ என்றுதான் அர்த்தம். பழையதை வீணாக்காதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உணவு வேறென்ன?

2007 முதல் இதே வெள்ளைச் சாலைகளில் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் நடக்கிறது. ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்பதே இன்று அதன் பெயர். 209 கிலோமீட்டர் பாதைக்கு நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் நட்டுவிட்டார்கள். ஆண்டு முழுவதும் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அதில் ஏறக்குறைய பாதி, இன்னும் தார் காணாத சாலை.

இருட்டிய பிறகும் கயோலேயின் தெருவில் கைதட்டல் கேட்டுக்கொண்டிருக்கும். கடைசியாக வருபவருக்காகத் தட்டுகிறார்கள். அவர் இறங்கியதும் முகத்தைத் துடைப்பதில்லை. முதலில் சைக்கிளின் ஃபிரேமைத் துடைக்கிறார்.