வாவிக்கரை வீட்டின் உள்ளொளி

கட்டடங்களின் உட்புறத்தைக் கணினியில் படமாக்குவோர் பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை என்ற கவலையோடுதான் வேலையைத் தொடங்குகின்றனர். மட்டக்களப்பு வாவிக்கரை வீடொன்றை உருவாக்கும்போது அந்தக் கவலையே படத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. வடக்கே ஏறத்தாழ 7.7 பாகை அகலாங்கில் அமைந்த இப்பிரதேசத்தில், ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்பதால், தாழ இறக்கிய விறாந்தைக் கூரை நேர்வெயிலை முற்றாக மறித்துவிட, முற்றத்து மணலில் பட்டுத் தெறித்த ஒளியும் வானொளியுமே அறைக்குள் வந்து சேர்கின்றன.

பரப்பொன்றில் விழும் ஒளியை அளக்கும் அலகு லக்ஸ் எனப்படும். வெளியே வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸாக இருக்கும் வேளையில் அறையின் உள்மூலையில் 100 லக்ஸே இருக்கக்கூடும். கமெரா எவ்வளவு ஒளியை ஏற்கிறது என்பதைக் குறிக்கும் எக்ஸ்போஷரில் ஒரு ஸ்டொப் என்பது இருமடங்கு ஆகையால், இந்த ஆயிரம் மடங்கு வேறுபாடு பத்து ஸ்டொப் இடைவெளியாகிறது. உள்ளே பாய் விரித்து இருப்பவரின் கண் அந்த மங்கலுக்குப் பழகியிருக்கும்; அவர் பார்வையில் யன்னலுக்கு அப்பால் எல்லாம் கூசும் வெண்மைதான். அவ்வெண்மையை அஞ்சி, இல்லாத விளக்குகளை மறைவாக வைத்து அறையை நிரப்புவது, வெக்கைக்கு ஒதுங்க அந்த வீடு தரும் நிழலையே அழித்துவிடுகிறது.

மூலைகள் இருண்டு கிடப்பதற்குப் பல வேளைகளில் விளக்குக் குறை காரணமன்று, தெறிப்புக் குறையே காரணம். ஒரு புள்ளியை அடையும் ஒளி, பிற பரப்புகள் எல்லாவற்றிலிருந்தும் தெறித்து வருவதையும் சேர்த்தே கணிக்கப்பட வேண்டும் என்பதை ஜேம்ஸ் கஜியா 1986இல் ஒரே சமன்பாட்டில் அமைத்துக் காட்டினார். 80 சதவீத ஒளியைத் தெறிக்கும் சுண்ணாம்புச் சுவர்களுக்கிடையே ஐந்து தெறிப்புகளின் பின்னும் மூன்றிலொரு பங்கு எஞ்சியிருக்கும். தெறிப்பு 50 சதவீதமானால் எஞ்சுவது 3 சதவீதமே. ஆகவே வெள்ளைச் சுவருள்ள அறையில் தெறிப்பு எண்ணிக்கையைச் சிக்கனம் பிடிப்பது பெரும் தவறு. சுவரின் வெண்மையை 100 சதவீதமாக வைப்பதும் அதே அளவு தவறுதான், ஏனெனில் அதன்பின் சுவரில் பட்டு ஒளி குறைவதே இல்லை.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் அமைந்த கல்லடியில், மேற்கே வாவியை நோக்கிய யன்னல்களுக்கு அந்தி வேறொரு ஒளியைக் கொண்டுவருகிறது. செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கையே தெறிக்கும் அமைதியான நீர், சூரியன் 10 பாகை உயரத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தெறிப்பதால், சிற்றலைகள் அதைக் குவித்தும் விரித்தும் உட்கூரையில் நெளியும் கோடுகளாக வீசுகின்றன. கமெராவிலிருந்து பின்னோக்கிக் கதிர்களைத் தேடும் வழக்கமான முறை இந்தக் கோடுகளை எளிதில் கண்டடைவதில்லை. ஒளி மூலத்திலிருந்தே கதிர்களை அனுப்பும், 1990களில் ஹென்ரிக் வான் ஜென்சன் வளர்த்தெடுத்த, ஃபோட்டான் மெப்பிங் முறை அவற்றைப் பிடித்துத் தருகிறது. அந்த வேளைக்கான எக்ஸ்போஷரை உட்கூரையின் ஒளிக்கே பொருத்தி வைக்க வேண்டும். சிவப்புச் சீமெந்துத் தரை இருண்டுபோனால் அப்படியே விடலாம்.