போதும் என்ற சொல்

குத்துச்சண்டையை விரும்புகிறவன் அல்லன் நான். ஆயினும் 1975ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் முகம்மது அலியும் ஜோ ஃபிரேசியரும் உலகப் பட்டத்துக்காகப் பொருத போட்டியின் படத்தைக் காணுந்தோறும், என் உள்ளம் வென்றவரிடம் நிற்பதில்லை. தோற்றவருக்குப் பின்னால் நின்ற ஒரு முதியவரிடமே செல்கிறது.

அது அவ்விருவரின் மூன்றாம் போட்டி. 1971இல் ஃபிரேசியரும் 1974இல் அலியும் வென்றிருந்தனர். இராணுவத்தில் சேர மறுத்ததால் அலி மேடையேற இயலாதிருந்த நாட்களில் அவருக்குத் துணைநின்றவர் ஃபிரேசியர். அவரையே அலி உலகோர் முன்னிலையில் குரங்கு என்று எள்ளி நகையாடினார். ஆகவே, ஃபிரேசியருக்குப் பட்டத்தினும் மானமே பெரிதாயிற்று. இத்தகைய மனநிலையில் உள்ளவன் தானாக ஒருபோதும் பின்வாங்கமாட்டான்.

அரங்கினுள் கடும் வெக்கை. தொடக்கத்தில் அலியின் கை ஓங்கியது. நடுச்சுற்றுகளில் ஃபிரேசியர் அவரைக் கயிற்றோரம் நெருக்கினார். பின்னர் மீண்டும் அலி. ஃபிரேசியரின் வலக்கண் வீங்கி மூடியது. இடக்கண்ணோ முன்பே பார்வை மங்கியது. வரும் குத்தைக் காணாமலே அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். பதினான்கு சுற்றுகள் முடிந்தன. எஞ்சியது ஒரே சுற்று, மூன்றே நிமிடம்.

அப்போதுதான் 64 வயதுப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் போட்டியை நிறுத்தினார். எழ முயன்ற ஃபிரேசியரைத் தோளில் கைவைத்து அமர்த்தினார். எதிர்மூலையில் அலியும் சோர்ந்து துவண்டிருந்தார். இன்னும் ஒரு சுற்று நடந்திருப்பின் வெற்றி எவர் பக்கமோ! ஆனால் மேடையில் வீரர் மாண்டதை முன்பே கண்டவர் ஃபட்ச். அவர் பட்டத்தை எண்ணவில்லை. தம் வீரனின் உயிரை எண்ணினார்.

1982இல் லாஸ் வேகாஸ் நகரில், அதே பதினான்காம் சுற்றில் வீழ்ந்த கொரிய வீரர் கிம் டுக் கூ சில நாட்களில் உயிர்நீத்தார். அதன் பின்னரே உலகக் குத்துச்சண்டைப் பேரவை பதினைந்து சுற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தது. சட்டம் பிறக்க ஓர் உயிர் வேண்டியிருந்தது. ஃபட்சுக்கோ அன்பே சட்டமாயிருந்தது.

பெற்றோராகிய நாம் பிள்ளைகளிடம் “விடாதே, முயல்” என்று நாள்தோறும் கூறுகிறோம். அது நன்றே. ஆனால் இரவெல்லாம் விழித்துப் படித்து முகம் வெளிறிய மகனின் நூலை மூடி, அவன் சினந்தாலும் “போதும், உறங்கு” என்று சொல்வதற்கும் துணிவு வேண்டும். ஃபிரேசியர் 2011 வரை வாழ்ந்தார். அந்த முப்பத்தாறு ஆண்டுகளை எண்ணும்போது, தோளில் வைத்த அக்கையை நான் வணங்குகிறேன்.